ஆண்மை எங்கே அடியாக மாறுகிறது?

மனைவியையோ காதலியையோ ஒருவன் அடித்தான் என்று செய்தி வந்தால் இரண்டு விதமான பேச்சு உடனே கிளம்பும். ஒன்று, "ஆம்பளைங்கன்னாலே அப்படித்தான்." இன்னொன்று, "நிஜமான ஆம்பளை பொம்பளை மேல கை வைக்க மாட்டான்." முதல் பேச்சு ஆண்மையையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. இரண்டாவது, அடித்தவனிடம் ஆண்மை போதவில்லை என்கிறது. எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான்: ஆண்மை என்பது ஒற்றைச் சரக்கு, அது ஒருவனிடம் கூடவோ குறையவோ இருக்கும் என்பது.

கடந்த ஐம்பது ஆண்டுகளில் உளவியலாளர்கள் இதைப் பல விதமாக அளந்து பார்த்துவிட்டார்கள். நாம் ஆண்மை என்று ஒரே பெயரில் சொல்வதற்குள் குறைந்தது மூன்று சங்கதிகள் இருக்கின்றன. வன்முறையோடு அவை மூன்றுக்கும் உள்ள தொடர்பு ஒரே மாதிரி இல்லை. இந்தக் கட்டுரை அந்த மூன்றையும் பிரித்துக் காட்டும் முயற்சி.

அதற்கு முன்னால், எதை வன்முறை என்கிறோம் என்று தெளிவாக்கிக்கொள்ளலாம். கணவன் மனைவி, காதலர்கள், சேர்ந்து வாழ்பவர்கள், பிரிந்துபோன முன்னாள் துணைகள் ஆகியோருக்கிடையே நடப்பதை நெருக்க உறவு வன்முறை என்கிறார்கள். அறைவது, உதைப்பது, கழுத்தை நெரிப்பது, விருப்பமில்லாதபோது உடலுறவுக்குக் கட்டாயப்படுத்துவது எல்லாம் இதில் அடங்கும். ஓயாமல் மட்டம் தட்டி ஆளைக் கூனிக் குறுக வைப்பது, போனை வாங்கி நோண்டுவது, யாரோடு பேசலாம் எங்கே போகலாம் என்று தீர்மானிப்பது, கையில் காசே இல்லாமல் பார்த்துக்கொள்வது ஆகியவையும் இதில் சேரும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, துணையோடு வாழ்ந்திருக்கும் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் சுமார் 27 சதவீதம் பேர், ஒருமுறையாவது துணையின் உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளாகியிருக்கிறார்கள். மட்டம் தட்டுவதும் வேவு பார்ப்பதும் இந்தக் கணக்கில் இல்லை.

சரி, அந்த மூன்று சங்கதிகள் என்னென்ன? எளிமையாக வைத்துக்கொள்வோம்: குணம், நம்பிக்கை, பயம்.

குணம் என்பது ஒருவன் எப்படிப்பட்டவன் என்பது. தன்னம்பிக்கை உள்ளவனா, சட்டென்று முடிவெடுப்பவனா, போட்டி என்றால் விடமாட்டானா என்பதெல்லாம் குணம். ஓர் ஆண் எப்படி இருக்க வேண்டும் என்று அவன் மனதில் வைத்திருப்பது நம்பிக்கை. அந்த அளவுகோலுக்குத் தான் எட்டவில்லையோ, எட்டாதது மற்றவர்களுக்குத் தெரிந்துவிட்டதோ என்ற உறுத்தல் பயம். ஒரே ஆளிடம் மூன்றும் மூன்று அளவில் இருக்கலாம். கூச்ச சுபாவமுள்ள, அதிர்ந்து பேசாத ஒருவன், வீட்டில் கடைசி வார்த்தை தன்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று உறுதியாக நம்பலாம். ஜிம்மே கதியென்று கிடக்கும், இரைந்து பேசும் ஒருவனுக்கு மனைவி தன்னைவிட அதிகம் சம்பாதிப்பது ஒரு விஷயமாகவே படாமல் இருக்கலாம். தோற்றத்தையும் குரலையும் வைத்து எந்த வீட்டில் ஆபத்து என்று கணிக்கப் போனால் ஏமாந்துதான் போவோம்.

குணத்தை அளந்தபோது

அமெரிக்க உளவியலாளர் சாண்ட்ரா பெம் 1974-இல் ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார். அதில் 60 சொற்கள் இருந்தன. 20 சொற்கள் சமூகம் ஆணுக்குரியவை என்று கருதும் குணங்கள், 20 பெண்ணுக்குரியவை, மீதி 20 இரண்டிலும் சேராதவை. ஒவ்வொன்றும் தனக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று 1 முதல் 7 வரை மதிப்பெண் போட வேண்டும். அதுவரை ஆண்மையும் பெண்மையும் ஒரே கோட்டின் இரு முனைகள், ஒன்று கூடினால் மற்றது குறையும் என்றுதான் பலரும் கருதியிருந்தார்கள். பெம் இரண்டையும் தனித்தனியாக அளந்தார். ஒரே ஆள் இரண்டிலும் நிறைய மதிப்பெண் எடுக்கலாம், இரண்டிலும் குறைவாகவும் எடுக்கலாம்.

இந்த வகைக் கேள்வித்தாள்களை அடிக்கும் ஆண்களிடமும் அடிக்காத ஆண்களிடமும் கொடுத்துப் பார்த்தார்கள். ஆண்குண மதிப்பெண் ஏற ஏற வன்முறையும் ஏறும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான். சில ஆய்வுகளில் தொடர்பு வந்தது, சிலவற்றில் வரவில்லை, சிலவற்றில் தலைகீழாகவே வந்தது. சுகர்மன், ஃபிராங்கல் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 1996-இல் கணக்குப் போட்டார்கள். கணவனின் ஆண்குண மதிப்பெண் வன்முறையோடு சீராகப் பொருந்தவில்லை. மனைவியை அடிப்பதில் தப்பில்லை என்ற மனப்பாங்குதான் அடிக்கும் கணவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது.

குணம் ஏன் காலை வாரியது? பெம்மின் பட்டியலைத் திறந்து பார்த்தால் காரணம் புரியும். சொந்தக் காலில் நிற்பவர், தன் கருத்துக்காக வாதாடுபவர், விளையாட்டு ஆர்வமுள்ளவர், ஆதிக்கம் செலுத்துபவர், ஆக்ரோஷமானவர் என்று எல்லாமே ஒரே கூடையில் கிடக்கின்றன. சொந்தக் காலில் நிற்பவனும் ஆதிக்கம் செலுத்துபவனும் கடைசியில் ஒரே மொத்த மதிப்பெண்ணோடு வெளியே வரலாம். அந்த எண்ணை வைத்துக்கொண்டு யார் அடிப்பான் என்று எப்படிச் சொல்வது?

இந்தக் கூடையைப் பிரித்தவர்களும் இருக்கிறார்கள். டேவிட் பாகன் என்ற உளவியலாளர் 1966-லேயே மனிதருக்குள் இரண்டு இழுப்புகள் இருப்பதாக எழுதினார். ஒன்று தன்னை நிலைநாட்டிக்கொள்வது, மற்றது பிறரோடு ஒட்டி உறவாடுவது. முதலாவது மட்டும் தனியாக, இரண்டாவதன் கடிவாளமே இல்லாமல் ஓடினால் அது நாசமாக முடியும் என்பது அவர் வாதம். ஜேனட் ஸ்பென்ஸும் ராபர்ட் ஹெல்ம்ரைக்கும் 1970-களின் இறுதியில் தங்கள் கேள்வித்தாளை விரித்தபோது, ஆண்களுக்குரியதாகக் கருதப்படும் நல்ல குணங்களையும் கெட்ட குணங்களையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். துணிச்சல், சுறுசுறுப்பு ஒரு பக்கம். அகங்காரம், சர்வாதிகாரம், பகைமை மறுபக்கம். முதல் வகை ஆணுக்கும் பெண்ணுக்கும் நன்மையே செய்கிறது. உறவில் சிக்கலைக் கொண்டுவருவது இரண்டாவது வகைதான். ஆனால் ஒரு நிமிடம் யோசித்தால், அகங்காரமும் பகைமையும் யாரிடம் இருந்தாலும் சிக்கல்தானே? அதை ஆண்மை என்று சொல்லத்தான் வேண்டுமா என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது.

நம்பிக்கை: எழுதாத சட்டங்கள்

ஆண் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற சட்டங்களை யாரும் எழுதி மாட்டி வைப்பதில்லை. ஆனாலும் எல்லாருக்கும் மனப்பாடம். "ஆம்பளைப் புள்ள அழலாமா?" என்ற கேள்வி விவரம் தெரிவதற்கு முன்பே காதில் விழுந்துவிடுகிறது. ராபர்ட் பிரானன் 1976-இல் இந்தச் சட்டங்களை நான்காகச் சுருக்கினார். பெண்ணைப் போல எதையும் செய்யாதே. நாலு பேர் அண்ணாந்து பார்க்கும்படி இரு. எது நடந்தாலும் கலங்காதே. எதிர்த்து நில், தேவைப்பட்டால் கை நீட்டு.

2003-இல் ஜேம்ஸ் மஹாலிக்கும் அவர் குழுவினரும் இதை இன்னும் நுணுக்கமாக்கி 11 நெறிகளாகப் பிரித்து ஒரு கேள்வித்தாள் செய்தார்கள். வெற்றி பெறுவது, உணர்ச்சியை அடக்குவது, துணிந்து இறங்குவது, வன்முறை, ஆதிக்கம், பல பெண்களோடு உறவு, யாரையும் சாராமல் இருப்பது, வேலையே முதன்மை, பெண்கள் மீது அதிகாரம், ஓரினச்சேர்க்கையாளர் மீது வெறுப்பு, அந்தஸ்து தேடுவது. இப்படிப் பிரித்ததில் ஒரு பெரிய லாபம் உண்டு. வேலையே கதி என்று கிடப்பதும், பெண் தனக்குக் கட்டுப்பட்டவள் என்று நினைப்பதும் ஒரே நோய் இல்லை என்று கண்ணுக்குத் தெரிகிறது. நெருக்க உறவில் நடக்கும் அடிதடியோடு திரும்பத் திரும்ப ஒட்டிவருவது பெண்கள் மீது அதிகாரம், ஆதிக்கம், வன்முறையை ஏற்பது போன்ற சில நெறிகள்தான். வேலைப் பித்து பிடித்தவன் வீட்டுக்கு நேரம் ஒதுக்காமல் போகலாம். அது வேறு வழக்கு.

ஜூலி புலர்விட்ஸ், கேரி பார்க்கர் இருவரும் பிரேசில் இளைஞர்களிடம் சோதித்து 2008-இல் வெளியிட்ட இன்னோர் அளவுகோல், வளரும் நாடுகள் பலவற்றில் இன்று பயன்படுகிறது. வீட்டு வேலை யாருடையது, கருத்தடை யார் பொறுப்பு, பெண்ணை அடிப்பது நியாயமாகும் நேரமும் உண்டா என்பது போன்ற நேரடிக் கேள்விகள் அதில் இருக்கின்றன. சமத்துவத்தை ஏற்காத இளைஞர்கள், துணையிடம் வன்முறை காட்டியதாக அதிகம் ஒப்புக்கொண்டார்கள்.

நம்பிக்கை என்றதும் அது அடிப்பவனின் தலைக்குள் மட்டும் இருப்பதாக நினைக்க வேண்டாம். சமூகவியலாளர் ரேவின் கானல் சுட்டிக்காட்டியது இதைத்தான். ஊரே கொண்டாடும் அந்த முழு ஆண் பிம்பத்துக்கு உண்மையில் எட்டுபவர்கள் மிகச் சிலர். ஆனால் எட்டாதவர்களும் அந்தப் பிம்பம் தரும் சலுகையை அனுபவிக்கிறார்கள், அதனால் அதைத் தூக்கிப் பிடிக்கவும் செய்கிறார்கள். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று அடிபட்டவளுக்கே ஆறுதல் சொல்லும் பெரியவர்கள் யாரும் கொடியவர்கள் இல்லை. அந்தச் சட்டப் புத்தகம் அவர்களுக்கும் மனப்பாடம், அவ்வளவுதான்.

பயம்: இங்கேதான் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்

1981-இல் ஜோசப் பிளெக் ஒரு விஷயத்தைத் தெளிவாக முன்வைத்தார். ஆண்மைக்கான சட்டங்கள் ஒன்றுக்கொன்று முரணானவை, முழுமையாக யாராலும் நிறைவேற்ற முடியாதவை. ஆகவே பெரும்பாலான ஆண்கள் ஏதோ ஓர் இடத்தில் தோற்றுப்போனதாகவே உணர்வார்கள். அந்த உணர்வை ஈடுகட்டச் சிலர் வேறோர் இடத்தில் அளவுக்கு மீறி ஆண்மை காட்டுவார்கள்.

ரிச்சர்ட் ஐஸ்லர், ஜே ஸ்கிட்மோர் இருவரும் 1987-இல் இந்த உறுத்தலை அளக்க 40 சூழ்நிலைகள் கொண்ட கேள்வித்தாளை உருவாக்கினார்கள். நீ எப்படிப்பட்டவன் என்று அது கேட்கவில்லை. இப்படி நடந்தால் உனக்கு எவ்வளவு சங்கடமாக இருக்கும் என்று கேட்டது. வேலையில் ஒரு பெண் உன்னை முந்திவிட்டால்? மனைவி உன்னைவிட அதிகம் சம்பாதித்தால்? நீ அழுவதைப் பிள்ளைகள் பார்த்துவிட்டால்? பயமாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டி வந்தால்? படுக்கையில் தோற்றால்? வேலை போனால்? சங்கடங்கள் ஐந்து கொத்துகளாகப் பிரிந்தன: உடல் பலம் போதாமை, உணர்ச்சியை வெளிக்காட்டுவது, பெண்ணுக்குக் கீழ்ப்படிவது, அறிவில் தாழ்வது, சாதிக்கத் தவறுவது.

இந்த மதிப்பெண்தான் வேலை செய்தது. டாட் மூரும் கிரிகரி ஸ்டூவர்ட்டும் 2005-இல் அதுவரை வந்த ஆய்வுகளை அலசியபோது, குணப் பட்டியல்களைவிட இந்த உறுத்தல் அளவுகோல்கள்தான் நெருக்க உறவு வன்முறையோடு ஓரளவு சீராகப் பொருந்துகின்றன என்ற முடிவுக்கு வந்தார்கள். ஆண்மை நிறைய இருப்பவன் அடிக்கிறான் என்பதைவிட, ஆண்மை போய்விடுமோ என்று பதறுபவன் அடிக்கிறான் என்பது உண்மைக்கு நெருக்கமாக இருக்கிறது.

இது எப்படி நடக்கிறது என்று ஒரு கற்பனைக் காட்சியை வைத்துப் பார்க்கலாம். கணவனுக்கு வேலை போய்ச் சில மாதங்கள் ஆகின்றன. நண்பர்களோடு வெளியே சாப்பிடப் போன இடத்தில் மனைவி தன் கார்டை எடுத்து நீட்டுகிறாள். நண்பன் ஒருவன் சிரித்துக்கொண்டே, "வீட்டுக்கு நிதியமைச்சர் இவங்கதானா?" என்கிறான். எல்லாரும் சிரிக்கிறார்கள், கணவனும் சிரிக்கிறான். திரும்பும் வழியில் பேச்சில்லை. "ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?" என்று அவள் கேட்கிறாள். "ஒண்ணுமில்ல." வீட்டு வாசலில் அவள், "சாவி உங்ககிட்டதானே இருக்கு?" என்று கேட்டதும் வெடிக்கிறான். "எல்லார் முன்னாடியும் என்னை அசிங்கப்படுத்திட்டு இப்ப அதிகாரம் வேற பண்றியா?"

அந்தப் பயணத்தில் அவனுக்குள் என்ன நடந்தது? முதலில் வந்தது வெட்கம். வேலை போனதைப் பற்றிய வருத்தம், இனி என்ன ஆகுமோ என்ற கவலை, நண்பர்கள் முன் சிறுத்துப்போன உணர்வு எல்லாம் கலந்து வந்தன. ஆனால் அவன் படித்த சட்டப் புத்தகத்தில் இவற்றுக்கு இடமில்லை. வருத்தமாக இருக்கிறது என்று சொன்னால் இன்னும் கொஞ்சம் ஆண்மை போய்விடும். கோபம் ஒன்றுக்குத்தான் தடையில்லை. ஆகவே எல்லாம் கோபமாக உருமாறின. அடுத்த படி இன்னும் முக்கியம். கோபத்துக்கு ஓர் ஆள் வேண்டும். அவள் கார்டை நீட்டியது பில்லைக் கட்டுவதற்காக என்பது மறைந்து, தன்னை அவமானப்படுத்துவதற்காக என்று அவன் மனதில் பதிந்துவிட்டது. சாவியைப் பற்றிய சாதாரணக் கேள்வி அதிகாரமாகக் கேட்டது.

இதில் கற்பனை அந்த ஜோடி மட்டும்தான். 2001-இல் ஃபிரான்சினா, ஐஸ்லர், மூர் ஆகியோர் நடத்திய ஆய்வில், காதலியோடு உண்டாகும் சில சூழல்களைக் கற்பனை செய்து பார்க்கும்படி இளைஞர்களிடம் சொன்னார்கள். உறுத்தல் மதிப்பெண் அதிகமாக இருந்தவர்கள், அவள் நடந்துகொண்ட விதத்தில் கெட்ட நோக்கத்தை அதிகம் கண்டார்கள். எரிச்சலும் கோபமும் அவர்களுக்குத்தான் அதிகம் வந்தன. அவளைத் திட்டுவது சரி என்றும் அதிகம் சொன்னார்கள். இந்த வித்தியாசம், அவள் நடந்துகொண்டது ஆணின் கௌரவத்தை உரசுவதாக இருந்தபோது நன்றாகத் தெரிந்தது.

ஜெனிஃபர் பாசன், ஜோசப் வாண்டெல்லோ ஆகியோரின் பரிசோதனை இன்னும் சுவாரசியமானது. ஆண்மை என்பது சம்பாதிக்க வேண்டியது, சம்பாதித்தாலும் எந்த நேரமும் பறிபோகக்கூடியது என்ற எண்ணம் பரவலாக இருப்பதை அவர்கள் முன்பே காட்டியிருந்தார்கள். பெண் என்றால் பெண், யாரும் "நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்று அதே வீச்சில் சோதித்துக்கொண்டே இருப்பதில்லை. ஆணுக்கு அந்தக் கேள்வி எப்போதும் காத்திருக்கிறது. 2009-இல் வெளியான ஆய்வில், கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினரை ஒரு பொம்மைத் தலையின் கூந்தலைச் சடை பின்னச் சொன்னார்கள். இன்னொரு பிரிவினர் கயிறு பின்னினார்கள். விரல் செய்யும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். அப்புறம், ஒரு புதிர் போடுவதா, குத்துச்சண்டைப் பயிற்சியா என்று தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். சடை பின்னியவர்கள் குத்துச்சண்டைப் பக்கம் அதிகம் சாய்ந்தார்கள். எல்லாரையும் குத்தச் சொன்னபோது, சடை பின்னியவர்களின் குத்தில் வேகம் அதிகமாக இருந்தது. மூன்றாவது பரிசோதனைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது: ஆண்மைக்கு இழுக்கு வந்தபின் நாலு பேர் அறிய முறுக்கிக் காட்ட வாய்ப்புக் கிடைத்தவர்களுக்குப் பதற்றம் தணிந்தது. வன்முறை அவர்களுக்கு வலி மாத்திரை போல வேலை செய்கிறது. ஒருமுறை வலி போனால் அடுத்த முறையும் அதே மாத்திரையைத்தான் கை தேடும்.

பரிசோதனைக் கூடத்தில் திண்டைக் குத்துவதும் வீட்டில் மனைவியைக் குத்துவதும் ஒன்றில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் பரிசோதனை காட்டுவது உந்துதலை மட்டுமே.

பயம் மட்டும் போதாது

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால், பாவம் அவனே பாதிக்கப்பட்டவன்தானே என்று கதை முடிந்துவிடும். அப்படி முடிக்க முடியாததற்குக் காரணம் எளிது. வேலை இழந்து, கூனிக் குறுகி, தூக்கமில்லாமல் தவிக்கும் ஆண்களில் பெரும்பாலோர் யாரையும் அடிப்பதில்லை. அடிப்பவனும் எல்லாரையும் அடிப்பதில்லை. மேலே சொன்ன காட்சியில் கிண்டல் செய்தவன் நண்பன். அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்தான். மேலதிகாரி எல்லார் முன்னாலும் காய்ச்சி எடுத்தபோது அதே மனிதன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருப்பான். வீட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் அவனுக்கு "நிதானம் தவறுகிறது". அடி வெளியே தெரியாத இடமாகப் பார்த்து விழுகிறது. இதை என்னால் நிதானம் தவறியதாக ஏற்க முடியவில்லை. யார் மீது கை வைக்கலாம் என்ற கணக்கு எங்கேயோ ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

அந்தக் கணக்கைத் தருவது நம்பிக்கை. இவள் எனக்குக் கட்டுப்பட்டவள், மீறினால் திருத்துவது என் உரிமை என்பது முன்பே மனதில் இருந்தால், பயம் பாய்வதற்கு வாய்க்கால் தயாராக இருக்கிறது. பயமும் அந்த நம்பிக்கையும் சேரும் இடத்தில்தான் ஆபத்து கூடுகிறது. ஒன்று மட்டும் இருந்தால் விளைவு வேறாக இருக்கலாம். பயம் மட்டும் உள்ளவன் குடியிலோ மௌனத்திலோ மூழ்கலாம்.

எல்லா அடியும் ஒரே வகையுமில்லை. சமூகவியலாளர் மைக்கேல் ஜான்சன் 1995-இலிருந்து எழுதிவந்தது இந்த விஷயத்தில் பெரிய குழப்பத்தைத் தீர்த்தது. அதற்கு முன் இரண்டு முகாம்கள் சண்டையிட்டுக்கொண்டிருந்தன. மரே ஸ்ட்ராஸ் 1979-இல் வெளியிட்ட கேள்வித்தாளை வைத்துப் பொதுமக்களிடம் கணக்கெடுத்தவர்கள், ஆண்களும் பெண்களும் ஏறக்குறைய ஒரே அளவில் அடிக்கிறார்கள் என்றார்கள். அடைக்கல இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் வேலை செய்தவர்கள், அடிபட்டு வருவது பெரும்பாலும் பெண்கள்தான் என்றார்கள். ஜான்சன் இரண்டு தரப்பும் வேறுவேறு வன்முறையைப் பார்க்கிறது என்றார். ஒன்று, சண்டை முற்றி யாரோ ஒருவர் கை ஓங்கிவிடுவது. இது இரு பக்கமும் நடக்கிறது, பொதுக் கணக்கெடுப்பில் அதிகம் சிக்குவது இதுதான். மற்றது, துணையின் முழு வாழ்க்கையையும் பிடியில் வைத்துக்கொள்ள ஒருவர் தொடர்ந்து நடத்தும் ஆட்சி. அதில் அடி என்பது பல ஆயுதங்களில் ஒன்று. இந்த இரண்டாவது வகையை நடத்துபவர்கள் பெரும்பாலும் ஆண்கள். இந்த ஆட்சிக்குள் சிக்கியவர் திருப்பி அடிப்பதை அவர் தனி வகையாக வைத்தார். யார் எத்தனை முறை அடித்தார் என்று எண்ணினால் மட்டும் இந்த வித்தியாசம் தெரியாது.

ஆண்மைச் சட்டங்களுக்கு அதிகத் தொடர்பு இருப்பது இந்த ஆட்சி வகையோடுதான். அமெரிக்காவின் டுலூத் நகரில் 1980-களின் தொடக்கத்தில் அடிபட்ட பெண்களிடம் பேசி உருவாக்கிய சக்கர வடிவப் படம் இன்றும் பயிற்சிகளில் பயன்படுகிறது. நடுவில் அதிகாரமும் கட்டுப்பாடும். சுற்றிலும் மிரட்டல், தனிமைப்படுத்தல், பணத்தை முடக்குதல், பிள்ளைகளைப் பகடையாக்குதல். உடல் வன்முறை இவற்றை எல்லாம் பிணைக்கும் வெளி வளையம். இங்கிலாந்தும் வேல்ஸும் 2015-இல் அடி இல்லாமலே நடக்கும் இத்தகைய தொடர் கட்டுப்பாட்டைத் தனிக் குற்றமாக்கின. அதற்கு அடிப்படையான சிந்தனையை வளர்த்தவர்களில் ஈவன் ஸ்டார்க் முக்கியமானவர்.

மற்ற காரணங்களையும் ஒரு வரியில் கடந்துவிட முடியாது, ஆனால் அவை தனிக் கட்டுரைக்கு உரியவை. சிறுவயதில் அப்பா அம்மாவை அடிப்பதைப் பார்த்து வளர்வது, பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வலுவாக வரும் காரணி. குடி, வறுமை, மணவிலக்குச் சட்டம், காவல்துறையின் போக்கு எல்லாம் சேர்ந்துதான் விளைவு. ஒருபாலினத் தம்பதிகளிடையிலும் வன்முறை உண்டு. ஆகவே ஆண்மை ஒன்றையே வைத்து எல்லாவற்றையும் விளக்க முடியாது. இன்னொன்று, மேலே சொன்னவற்றில் பல ஆய்வுகள் ஒரே நேரத்தில் கேள்வித்தாள் கொடுத்து எடுத்தவை. இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்று அவை சொல்லும். எது எதைக் கொண்டுவந்தது என்று அவற்றால் மட்டும் சொல்ல முடியாது. ஆணின் வாய்மொழியையே நம்பியிருப்பதும் ஒரு பலவீனம்.

மாற்ற முடியுமா?

குணம்தான் காரணம் என்றால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. நம்பிக்கையும் பயமும் கற்றுக்கொண்டவை என்பதால் முயற்சிக்கு இடமிருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப் மாகாணத்தில் இளைஞர்களைக் குழுவாக உட்கார வைத்து உறவு, உடல், ஆண் பெண் எதிர்பார்ப்புகள் பற்றிப் பேசவும் நடித்துப் பார்க்கவும் வைத்த 'ஸ்டெப்பிங் ஸ்டோன்ஸ்' திட்டம் 2008-இல் முடிவுகளை வெளியிட்டது. எச்.ஐ.வி. தொற்றைக் குறைப்பதுதான் முதன்மை நோக்கம், அது கைகூடவில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகள் கழித்துக் கேட்டபோது, துணையிடம் வன்முறை காட்டியதாகச் சொன்ன ஆண்கள் குறைந்திருந்தார்கள்.

உகாண்டாவின் கம்பாலாவில் நடந்த 'சாசா' திட்டம் ஆண்களை மட்டும் பிடித்துத் திருத்தப் பார்க்கவில்லை. அக்கம்பக்கம் முழுவதையும் அதிகாரம் பற்றிப் பேச வைத்தது. 2014-இல் வந்த ஆய்வில், திட்டம் நடந்த பகுதிகளில் கடந்த ஓராண்டில் துணையின் உடல் வன்முறைக்கு ஆளான பெண்களின் அளவு மற்ற பகுதிகளைவிட 52 சதவீதம் குறைவு. இந்த எண் பல இடங்களில் மேற்கோளாக வரும். உண்மையான அளவு எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்று காட்டும் புள்ளியியல் வரம்பு இந்த மதிப்பீட்டில் மிக அகலம், விளைவே இல்லை என்பதும் அந்த வரம்புக்குள் அடங்கும் என்பதைச் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு. வழி சரியாகத் தெரிகிறது, எவ்வளவு தூரம் போகும் என்பதில் அடக்கமாகப் பேசுவது நல்லது.

கோபத்தை அடக்கும் பயிற்சி மட்டும் கொடுத்தால் போதும் என்ற யோசனையில் எனக்கு நம்பிக்கை குறைவு. மேலதிகாரியிடம் கோபத்தை அடக்கத் தெரிந்தவனுக்கு அந்தக் கலை ஏற்கெனவே தெரியும்.

கடைசியாக, இந்த அறிவு உடனே பயன்பட வேண்டிய ஓர் இடம். தன் பிடியில் இருப்பவள் விலகிப் போவதுதான் கட்டுப்படுத்தும் ஆணுக்கு ஆகப் பெரிய இழுக்கு. ஜாக்குலின் கேம்பெல் குழுவினர் அமெரிக்காவின் 11 நகரங்களில், துணையால் கொல்லப்பட்ட பெண்களின் வழக்குகளை, அடிபட்டும் உயிரோடு இருக்கும் பெண்களோடு ஒப்பிட்டு 2003-இல் ஆய்வை வெளியிட்டார்கள். துணை மிகவும் கட்டுப்படுத்துபவனாக இருப்பது, சேர்ந்து வாழ்ந்தபின் அவனிடமிருந்து பிரிவது என்ற இரண்டும் சேர்ந்தபோது கொலை ஆபத்து 9 மடங்காகியிருந்தது. அடிப்பவனுக்கு வேலை இல்லாததும் ஆபத்தைக் கூட்டியது. "இவ்வளவு நடந்தும் ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறாள்?" என்று கேட்பவர்கள் இந்த எண்ணைக் கவனிக்க வேண்டும். பிரிய வேண்டாம் என்பது இதன் பொருள் இல்லை. பிரியப்போவதைச் சண்டைக்கு நடுவில் அவனிடம் அறிவித்துவிட்டுக் கிளம்புவதைவிட, பெண்களுக்கான உதவி மையத்தில் முன்கூட்டியே பேசி, எங்கே தங்குவது, ஆவணங்களையும் பிள்ளைகளையும் எப்படிக் கொண்டுபோவது, யாருக்கு மட்டும் முகவரி தெரிய வேண்டும் என்று திட்டமிட்டபின் கிளம்புவது பாதுகாப்பு. போனில் அவனுக்குத் தெரியும் கணக்குகளையும் இருப்பிடப் பகிர்வையும் எப்போது மாற்றுவது என்பதையும் அந்தத் திட்டத்திலேயே முடிவு செய்துகொள்ளலாம். முன்கூட்டியே மாற்றினால் அவனுக்குச் சந்தேகம் வரும்.